பிள்ளைக்கு முன் படிக்க வேண்டியவர் ஆசிரியர்
மரியா மொன்ரிசோரி அம்மையாரின் வாழ்வு



நம் ஊர்களில் சிறு பிள்ளைகளின் பள்ளியை மொன்ரிசோரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிள்ளையை மொன்ரிசோரிக்கு அனுப்பியாயிற்றா என்று அயலவரைக் கேட்கிறோம். அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதும், அந்தப் பெண்மணி இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துச் சென்றவர் என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பெயர் நிலைத்துவிட்டது. அவர் எதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரோ, அதுவோ நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்குள் பென்சிலைத் திணித்து, இரவு விளக்கில் கொப்பி நிறைய எழுதச் சொல்லும் வீடுகள் நம்மிடையே பெருகிவிட்டன. ஆகவே அந்த அம்மையாரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

பிள்ளைகளை நேசித்தவர் என்று மட்டும் அவரைப் புகழ்ந்து நிறுத்துவது போதாது. பிள்ளைகளை நேசித்தோர் உலகில் பலர். சிறு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது எல்லோராலும் ஆகக்கூடிய இலகுவான வேலையன்று. அதற்கு ஆசிரியர் முதலில் தாம் பயிற்சி பெற வேண்டும் என்று கண்டு, அந்தப் பயிற்சிக்காகவே 40 ஆண்டுகளுக்கு மேல் நாடு நாடாக அலைந்தவர் அவர்.

வைத்தியரான இளம்பெண்

மரியா மொன்ரிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆம் நாள், இத்தாலியில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்தே நன்கு வாசித்தறிந்தவர். பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தாலே பெரிது என்றிருந்த காலம் அது. தாயின் வாசிப்புப் பழக்கம் மகளுக்கு முதற் சீதனமாயிற்று.

குடும்பம் 1875இல் உரோமாபுரியில் குடியேறியது. மரியா முதலில் ஆண்பிள்ளைகள் செல்லும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்தார். பின்பு வைத்தியராக விரும்பினார். தந்தைக்கு விருப்பமில்லை, தாய் துணைநின்றார். பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவரோடு சேர்ந்து பிரேதங்களை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், வகுப்புகள் முடிந்தபின் தனியாக நின்று அவ்வேலையைச் செய்யவேண்டியிருந்தது. 1896இல் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அந்நாளில் பைத்தியக்காரரோடு சேர்த்தே அடைக்கப்பட்டிருந்தனர். அத்தகைய ஓரிடத்தில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்காரி அருவருப்போடு காட்டினாளாம். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட்டு எடுக்க, உருட்ட, அடுக்க அங்கே ஒரு பொருளும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கைகள் வேலை தேடித் தவிக்கின்றன என்பதை அவர் உணர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக இதார், செகான் என்னும் பிரெஞ்சு வைத்தியர்கள் இருவர் அவருக்கு முன்னரே உழைத்திருந்தார்கள். அச்சியந்திரம் பரவுமுன் பெனடிக்ற் சபைத் துறவியர் ஏடுகளைப் பெயர்த்தெழுதியது போல, அவ்விருவரின் நூல்களையும் அவர் இத்தாலிய மொழியில் தம் கைப்படவே முழுமையாக எழுதி முடித்தார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துச் சிந்திக்க வேண்டும் என்பதே நோக்கம். பிறருக்குப் பயிற்சி அளிக்க முன் தம்மைப் பயிற்றிக்கொண்ட விதம் இது.

1900ஆம் ஆண்டில் உரோமாபுரியில், அறிவு குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. மரியா அதன் இயக்குநர்களுள் ஒருவர். பகல் முழுதும் பிள்ளைகளோடு இருந்தார், ஆசிரியர்களைப் பயிற்றினார். அந்தப் பிள்ளைகளிற் சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பிள்ளைகளுக்கு நடத்தும் பொதுப் பரீட்சையிலேயே தேறினர். ஊரெல்லாம் வியந்தது. மரியாவின் சிந்தனையோ வேறாயிருந்தது. குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரமுடியுமென்றால், குறைபாடற்ற பிள்ளைகளை இவ்வளவு தாழ்வில் வைத்திருப்பது எது? தரையோடு பூட்டிய வாங்குகளில் அசையாமல் இருத்தி வைக்கும் கல்விமுறையை அவர் சந்தேகிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மறைத்து வைத்த துயரம்

இந்த ஆண்டுகளுக்குள் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரம் அடங்கியிருக்கிறது. உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவரோடு ஏற்பட்ட உறவில், 1898இல் அவருக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. அக்காலச் சமுதாயத்தில் அது வெளிப்பட்டால் தொழிலும் பெயரும் ஒருசேர அழிந்திருக்கும். பிள்ளை மாரியோ கிராமத்துக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டான். தாய் போய்ப் பார்த்து வருவார். தாயென்று சொல்லிக்கொள்ள முடியாது. தம் தாய் 1912இல் இறந்தபின், பதினைந்து வயதளவில் இருந்த மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்போதும் நெடுங்காலம் உறவினர் பிள்ளை என்றே பிறருக்குச் சொல்லப்பட்டது.

இதை நாம் மறைக்கவும் வேண்டாம், தீர்ப்பிடவும் வேண்டாம். ஊரார் பிள்ளைகள் முதல் எழுத்தை எழுதும் மகிழ்ச்சியைக் கண்ட அந்தத் தாய், தம் சொந்தப் பிள்ளை அதை எழுதிய நாட்களை அருகிருந்து காணவில்லை. அந்த மகனே பின்பு அவருடைய வலக்கரமாய் நின்றான் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

எழுத்து மலர்ந்த நாள்

உரோமாபுரியில் சான் லொறன்சோ என்பது அன்று ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே தொடர்மாடி வீடுகளைத் திருத்தியமைத்த நிறுவனத்துக்கு ஒரு தொல்லை. தாய்மாரும் தந்தைமாரும் வேலைக்குப் போனபின் பள்ளி வயதடையாத சிறுவர்கள் சுவர்களைக் கீறியும் படிகளைப் பழுதாக்கியும் திரிந்தனர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பராமரிக்க மரியாவை அழைத்தார்கள். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, அந்தப் பிள்ளைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாத எளிய பெண்ணொருத்தி பொறுப்பாளர். பழைய பழக்கங்கள் இல்லாதவளாகையால், மரியா சொன்னதை அவள் சொன்னபடியே செய்தாள்.

எழுத்தறிவிக்கும் எண்ணம் முதலில் இருக்கவில்லை. ஆறு வயதுக்கு முன் அது ஆகாது என்பதே எல்லோரது கருத்து. எழுத்தறியாத தாய்மாரே வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும்படி வேண்டிக்கொண்டார்கள். அம்மையார் இணங்கினார்.

எழுதுவது ஒரு வேலையன்று, இரண்டு வேலைகள் சேர்ந்தது என்று அவர் கண்டிருந்தார். எழுதுகோலைப் பிடித்து ஆளும் கையின் திறமை ஒன்று. எழுத்தின் வடிவத்தை அதன் ஒலியோடு சேர்க்கும் மனத்தின் திறமை மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கொப்பியிற் கேட்பதனாற்றான் பிள்ளை அழுகிறது. ஆகவே இரண்டையும் பிரித்தார்.

கைக்கு வேறு வேலைகள் கொடுத்தார். சிறு குமிழ் வைத்த மரக்குற்றிகளை மூன்று விரல்களாற் பிடித்து அவற்றுக்குரிய குழிகளில் வைக்கவேண்டும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தாம். உலோக அச்சுகளின் விளிம்பைச் சுற்றி வரைந்து, அதற்குள் நிறப் பென்சிலாற் கோடிட்டு நிரப்பவேண்டும். பிள்ளை விளையாடுவதாக நினைக்கும். கையோ எழுதுவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

மனத்துக்கு எழுத்துகளைக் கொடுத்தார். தச்சர் மரம் தேய்க்கும் சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி, வழுவழுப்பான அட்டையில் ஒட்டினார். எழுதும் திசையிலேயே பிள்ளை அதை விரலால் தடவிச் செல்லும்போது, ஆசிரியை அந்த எழுத்தின் ஒலியைச் சொல்வார். கண், காது, விரல் மூன்றும் ஒன்றாய்ப் படிக்கும். பின்பு வெட்டியெடுத்த எழுத்துகள் நிறைந்த பெட்டி. உயிரெழுத்துகள் ஒரு நிறம், மெய்யெழுத்துகள் இன்னொரு நிறம். பென்சில் பிடிக்குமுன்பே பிள்ளை அவற்றைப் பாயில் அடுக்கித் தன் வாயில் வரும் சொல்லை அமைத்துவிடும்.

பெற்றோரே, இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதும், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும் விரலுக்கு முதலிடம் தந்தவையே. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். நாம் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் ஒலியைச் சொல்லிக் கொடுத்தார். ஆனா, இம், மாவன்னா என்று மனப்பாடம் செய்த பிள்ளை அவற்றைச் சேர்த்து அம்மா என்று வாசிக்கத் திணறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒலியைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தத் திணறல் குறைவு.

அவ்வாண்டு மார்கழியில் வெயிலடித்த ஒருநாள், அம்மையார் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் திடீரெனக் கூவிக்கொண்டு தரையில் கை என்ற சொல்லை எழுதினான். பின்பு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அதுவரை அவனை எவரும் எழுதச் சொன்னதில்லை. மற்றப் பிள்ளைகளும் வெண்கட்டி கேட்டு ஓடிவந்து எழுதத் தொடங்கினர். வீடுகளிற் கதவிலும் தரையிலும் எழுதினார்கள். வாசிப்பு அதன்பிறகே வந்தது. விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, வாசித்தவருக்கு அந்தப் பொருள் என்றார் அம்மையார். பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு, இன்னும் துண்டுகள் தாருங்கள் என்று கேட்டார்கள்.

ஆசிரியருக்குப் பள்ளி

செய்தி பரவியது. தூர நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆபத்து வந்ததும் இங்கேதான். மரக்குற்றிகளையும் அட்டைகளையும் வாங்கிப் போவது இலகு. அவற்றை வைத்துக்கொண்டு பழையபடி அதட்டிக் கற்பித்தால் பயன் ஏது? பொருள் கற்பிப்பதில்லை, அதைச் சரியான பிள்ளைக்குச் சரியான நேரத்தில் கொடுத்து, பின் ஒதுங்கி நிற்கத் தெரிந்த ஆசிரியரே கற்பிக்கிறார் என்பதை அம்மையார் உணர்ந்தார்.

1909இல் சித்தா தி கஸ்தெல்லோ என்னும் ஊரில், பிராங்கெற்றி பிரபுவும் அவர் துணைவியாரும் ஆதரவளிக்க, சுமார் 100 ஆசிரியர்களுக்கு முதற் பயிற்சியை நடத்தினார். தம் முறையை விளக்கும் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. 1908ஆம் ஆண்டு மெசினா நிலநடுக்கத்திற் பெற்றோரை இழந்த பிள்ளைகளை, மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி சகோதரிகள் உரோமாபுரியில் தங்கள் மடத்தில் ஏற்றிருந்தார்கள். அங்கும் ஒரு பிள்ளைகள் இல்லமும் பயிற்சி வகுப்பும் உருவாயின. சில ஆண்டுகளுள் அவர் பல்கலைக்கழக விரிவுரையையும் வைத்தியத் தொழிலையும் துறந்தார். நிச்சயமான வருவாயை விட்டு, ஆசிரியரைப் பயிற்றுவதையே வாழ்வாக்கிக்கொண்டார். 1913இல் உரோமாபுரியில் பல நாட்டவருக்குமான முதற் பயிற்சி நடைபெற்றது. 1919இல் இலண்டனில் அவர் நடத்திய பயிற்சிக்குச் சுமார் 2000 பேர் விண்ணப்பிக்க, 250 பேரையே ஏற்க முடிந்தது.

அந்தப் பயிற்சி எப்படியிருந்தது? 50 மணிநேரம் விரிவுரை. 50 மணிநேரம் பொருள்களைத் தம் கையாற் பயன்படுத்திப் பழகுதல். 50 மணிநேரம் பிள்ளைகளைப் பார்த்திருத்தல். மூன்றாவதைக் கவனியுங்கள். கேட்பதற்கு எவ்வளவு நேரமோ, வாய் திறவாமற் பார்ப்பதற்கும் அவ்வளவு நேரம். பிள்ளை எதை எடுக்கிறது, எத்தனை முறை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பவற்றை ஆசிரியர் கதிரையில் இருந்து குறித்துக்கொள்ள வேண்டும். இடையிற் புகுந்து உதவக்கூடாது. கேட்டதையும் செய்ததையும் தாமே படம் வரைந்து, ஒரு புத்தகமாகத் தொகுக்கவும் வேண்டும்.

எழுத்தைக் கற்பிக்கும் பாடம் மூன்று படிகள் கொண்டது. முதலில் ஆசிரியை எழுத்தைக் காட்டி அதன் ஒலியைச் சொல்வார். அடுத்து, இரண்டு மூன்று எழுத்துகளுக்குள் அந்த ஒலிக்குரியதைக் காட்டும்படி கேட்பார். கடைசியிலேயே, இது என்ன என்று வினவுவார். பிள்ளை தவறிவிட்டால் பிழை என்று சொல்லுதல் ஆகாது. வற்புறுத்தாமல் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிள்ளை தவறினால் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்பதே பொருள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். சிறு பிள்ளைகளின் முன் நிற்பவரைப் பிடிக்கும் பாவங்கள் இரண்டு: கோபம், ஆணவம். எதிர்த்துப் பேச வலிமையற்ற பிள்ளையிடம் கோபம் நீதியின் வேடம் போட்டுக்கொள்ளும். ஆணவம் ஒழுங்கின் வேடம் போட்டுக்கொள்ளும். இவற்றைத் தம்மிடம் தாமே கண்டுபிடித்துக் களையாதவர், எத்தனை உபகரணம் வைத்திருந்தாலும் சிறுவர் ஆசிரியராகார். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

குறைகளும் இருந்தன. பயிற்சி அளிக்கும் உரிமையைத் தம் கையிலேயே இறுகப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் 1910க்குப் பின் பெரும் வரவேற்புப் பெற்ற அவர் முறை, சில ஆண்டுகளிலேயே மங்கிப்போனதற்கு அங்குள்ள ஆதரவாளரோடு ஏற்பட்ட பிணக்கும், கல்வியாளரின் கண்டனமும் காரணமாயின. இத்தாலியில் முசோலினியின் ஆதரவை ஏற்றார். ஆனால் சிறுவரைப் படைவீரராக்க விரும்பிய ஆட்சியோடு அவரால் நெடுநாள் ஒத்துப்போக முடியவில்லை. 1934இல் நாட்டைவிட்டு வெளியேறினார். செருமனியில் நாசிகள் அவருடைய பள்ளிகளை மூடினார்கள். 1936இல் ஸ்பானியாவில் உள்நாட்டுப் போர் மூள, பார்சலோனாவிலிருந்தும் வெளியேற நேர்ந்தது. ஒல்லாந்து அடைக்கலம் தந்தது.

சென்னையும் இலங்கையும்

1939இன் பிற்பகுதியில், பிரமஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மகனோடு சென்னைக்கு வந்தார். வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதற் பயிற்சியில் சுமார் 300 பேர் கலந்துகொண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் ஆனபடியால் மாரியோவை ஆங்கில அரசு முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய 70ஆவது பிறந்தநாளன்று, அரசப்பிரதிநிதி மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். ஒரு காலத்தில் மகனென்று சொல்ல முடியாதிருந்தவருக்கு, அவர் மகன் என்பதை அறிந்தே அரசு அளித்த பரிசு அது. பின்பு கொடைக்கானலில் ஈராண்டளவு தங்கியிருந்தார். போரினால் நாடு திரும்ப முடியாத அந்த ஆண்டுகளில் இந்தியாவில் 1000க்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1944இல் அவர் இலங்கைக்கு வந்தார். அரசின் அங்கீகாரத்துடன் இங்கு ஆசிரியர் பயிற்சியொன்றை நடத்தினார். பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றிய விரிவுரைத் தொடரொன்றையும் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 74ஐ எட்டியிருந்தது. அந்த வயதில் அவர் இங்கு தேடிவந்தது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகும் பெரியவர்களையே என்பதை மறவாதீர்கள்.

போர் முடிந்தபின் 1946இல் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்து பயிற்சிகள் நடத்தினார். 1952 மே 6ஆம் நாள், ஒல்லாந்தில் நோர்ட்வைக் என்னும் கடற்கரையூரில், 81ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். தாயின் பணியை மாரியோ 1982இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்தார்.

நமக்கு என்ன?

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்க ஓரிடம் தேடும்போது, ஆறு மாதத்தில் எத்தனை எழுத்து எழுதும் என்று கேட்கவேண்டாம். அங்குள்ள ரீச்சர் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை நாள் பெற்றார் என்று கேளுங்கள். பிள்ளை தவறும்போது அவர் முகம் எப்படியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் அரிசி கிளறவும், பொத்தான் பூட்டவும், புளியங்கொட்டை பொறுக்கவும் பிள்ளையை விடுங்கள். அவையும் எழுத்துப் பயிற்சிகளே.

பங்குகளிலும் சனசமூக நிலையங்களிலும் பாலர் பாடசாலைகளை நடத்துவோரே, கட்டடத்துக்கும் கதிரைக்கும் நிதி திரட்டுகிறீர்கள்; நல்லது. பள்ளிப்படிப்பு முடிந்த வீட்டுப் பெண்ணொருத்தியைச் சொற்பச் சம்பளத்துக்கு அமர்த்தி, பயிற்சிக்கு அனுப்பாமல், பெயர்ப்பலகையில் மட்டும் மொன்ரிசோரி என்று எழுதுவது அந்தப் பெண்ணுக்கும் நீதியன்று, பிள்ளைகளுக்கும் நீதியன்று. அவளைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை முதலாவது செலவாக எழுதுங்கள். கூரைக்கு நிதி பிறகு சேரட்டும்.

சிறுவர் ஆசிரியைகளே, உங்கள் வேலையைச் சின்ன வேலை என்று எவரும் சொல்ல இடங்கொடாதீர்கள். வைத்தியத் தொழிலையும் பல்கலைக்கழக விரிவுரையையும் விட்டுவிட்டு ஒருவர் தெரிந்துகொண்ட வேலை அது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், கால்மணி நேரமாவது ஒன்றும் சொல்லாமல் இருந்து, ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி அங்கிருந்தே தொடங்கும்.